ம் கொட்ட ஆள் தேவை

தருமபுரி மாவட்டத்தில் பேய்கள் அடியோடு ஒழிந்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு. ஒழித்தவர் பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவர் கவுஸ் பாஷா. அறிவித்தவரும் அவரே. மாவட்டம் பிறந்தே மூன்று வருஷம்தான் ஆகிறது, புது மாவட்டத்துக்குச் சேலம் ஜில்லாவின் பழைய பேய்கள் எதற்கு என்பது அவர் கட்சி.

வெறும் வாய்ப்பேச்சு இல்லை. மொரப்பூர் ரோட்டுப் புளியமரத்தடியில், பேய் அறையும் என்று ஊரே விலகிப் போகும் உச்சி வெயிலில், கவுஸ் பாஷா துண்டை விரித்து ஒரு தூக்கம் போட்டிருக்கிறான். கடித்தது எறும்பு. முச்சந்தியில் யாரோ கழித்துப் போட்ட எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து டீக்கடையில் கொடுத்து, உப்புப் போட்டு ஜூஸ் பிழியச் சொல்லிக் குடித்திருக்கிறான். கொஞ்சம் கசந்தது. அதற்கும் பேய் பொறுப்பில்லை, கொட்டையோடு பிழிந்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட அவனுக்குப் பிடிக்காதது ‘ம்’. யாராவது கதை சொன்னால் எதிரில் இருப்பவர் வரிக்கு வரி ‘ம்’ கொட்ட வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் ஒரு சட்டம் இருக்கிறதல்லவா? கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் இதைப் பற்றி ‘ம் கொட்டுவோர் நலச் சங்கம்’ என்று ஒரு கட்டுரை எழுதினான். ம் கொட்டிக் கொட்டித் தாடை தேய்ந்தவர்களுக்கு ஓய்வூதியம், கொட்டாவியோடு கூடிய ம்முக்குப் பாதிக் கூலி, மாட்டுக்கு மணி கட்டியதுபோல் மனிதனுக்கு ம் கட்டியவன் யார் என்று கண்டுபிடிக்க ஒரு விசாரணைக் கமிஷன். ஹாஸ்டலே படித்துச் சிரித்தது. வீட்டில் அவன் எழுதுவதையெல்லாம் உட்கார்ந்து கேட்டு ம் கொட்டிக்கொண்டிருந்த தங்கை அமீனா மட்டும், “அப்ப எனக்கு எவ்வளவுண்ணே வரும்?” என்று கேட்டாள்.

அந்த ஐப்பசியில் ஆங்கில வாத்தியார் வகுப்பில் ஒரு செய்தி சொன்னார். சீமையிலும் அமெரிக்காவிலும் அக்டோபர் கடைசி நாள் இருட்டியதும் வீட்டுக்குள் கூடி உட்கார்ந்து பேய்க்கதையும் பேய்ப்பாட்டும் படித்து மகிழ்வார்களாம். பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்களாம். நம் ஊரில் பூசணிக்காயில் முகம் எழுதி வீட்டு முகப்பில் கட்டுவது ஒன்றும் வராமலிருக்க. அங்கே வரச்சொல்ல. இந்த வித்தியாசம் கவுஸ் பாஷாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அக்டோபர் கடைசி நாளுக்கு முதல் நாள் டீக்கடையில் பொன்னனைப் பிடித்தான். பொன்னன் சித்தேரி மலைக்காரன். கவுஸ் பாஷாவின் வகுப்புத்தான், ஹாஸ்டல்வாசி.

“நாளைக்குச் சாயங்காலம் எங்க வூட்டுக்கு வந்துடு. பேய்க்கதை விழா. என் கதை, என் கவிதை. பொரி இருக்குது, வறுத்த கடலை இருக்குது.”

“எத்தினி பேரு வராங்க?”

“உன்னோட நாலு.”

“மழை வர்ற மாதிரி இருக்குது. ஒருவேளை ஒருத்தரும் வரலைன்னு வெச்சுக்க, வாய்விட்டுப் படிக்காதே.”

“ஏன்டா, வரி போடுவாங்களா?”

பொன்னன் சிரிக்கவில்லை. “எங்க மலையில ம் கொட்டறவன் யாருன்னு ஒரு ஆளைப் பிடிச்சு உக்கார வெச்சுட்டுத்தான் கதையே ஆரம்பிப்பாங்க. ஆளில்லாம சொன்னா வேற ஒண்ணு வந்து கொட்டும்.”

“கொட்டட்டுமே. சங்கத்துல சேத்துக்கறேன்.”

“சிரி, சிரி. கதை கேட்டதுக்குக் கூலி கதைதான். நீ முடிச்சேன்னா அது ஆரம்பிக்கும். அப்ப நீதான் ம் கொட்டணும்.”

“நான் கொள்கைக்காரன். கொட்ட மாட்டேன். என்ன பண்ணும்?”

பொன்னன் டீயை ஊதினான். “உன்னை ஒண்ணும் பண்ணாது. அது சொல்ற கதையில யாரு நடந்து போயிட்டிருக்காங்களோ, அவங்க அந்த எடத்துலயே நின்னுடுவாங்க. நீ கொட்டற வரைக்கும் நிப்பாங்க.”

“ஓகோ. நம்ம ஹாஸ்டல் சாம்பார்ல பருப்பு நின்னுபோனது இதனாலதானா?”

டீ மாஸ்டர்வரை சிரித்தார்கள். பொன்னன் டம்ளரை வைத்துவிட்டு, “நான் வர்றேன், நான் வர்றதுக்கு முன்னால ஆரம்பிக்காதே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கவுஸ் பாஷாவின் வீடு ஊருக்கு வெளியே, ஏரிக்கரையைத் தாண்டி இருந்தது. புதிதாக மனை பிரித்த இடம். மற்ற மனைகளில் இன்னும் கல்தான் நட்டிருந்தார்கள். அத்தா பெங்களூரில் உறவுக்காரர் பேக்கரியில் வேலையாக இருந்தார், மாதம் ஒருமுறை வருவார். பஸ் ஸ்டாண்டிலிருந்து வருவதானால் கரை மேல் ஏறி, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் கருவேலம் புதர் என்று நடந்து, இறங்கித்தான் வரவேண்டும்.

மறுநாள் காலை அம்மா ரஹமத் பீவியும் அமீனாவும் ஏரியூருக்குப் புறப்பட்டார்கள். சின்னம்மாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது.

“கடைசி பஸ்ஸுக்கு வந்துடுவோம். டார்ச்சும் கொடையும் எடுத்துட்டு ஸ்டாண்டுக்கு வந்துடு கவுஸு. அந்தக் கரைமேல இருட்டுல நாங்க ரெண்டு பொம்பளைங்க எப்படி வர்றது?”

“வர்றேன்ம்மா. வழியில பேய் இருந்தா அதுகிட்டயும் சொல்லிவைக்கிறேன்.”

“நான் இல்லாம யாருக்குண்ணே படிக்கப் போறே?” என்றாள் அமீனா, செருப்பு வாரை மாட்டிக்கொண்டே.

“ம் கொட்டாத நாகரிக ஜனங்களுக்கு.”

அவள் நாக்கைத் துருத்திவிட்டுப் போனாள். அவளுக்கு நிச்சயமாகியிருந்தது. நோன்பு முடிந்ததும் கல்யாணம், அப்புறம் பெங்களூர். இதைப் பற்றிக் கவுஸ் பாஷா எந்தக் கட்டுரையும் எழுதவில்லை.

சாயங்காலம் அவன் கூடத்தில் பெரிய கோரைப்பாயை விரித்தான். பொரியைத் தாம்பாளத்தில் கொட்டினான். அம்மா கறிக்கு வைத்திருந்த பூசணிக்காயைக் குடைந்து, கோணல் பல்லும் கண்ணும் வெட்டி, உள்ளே மெழுகுவத்தி நட்டு மாடத்தில் வைத்தான். ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மஃரிப் பாங்கு வந்து ஓய்ந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. முதலில் ஓட்டின் மேல் யாரோ கைப்பிடி கைப்பிடியாகப் பயறு எறிவதுபோல் விழுந்து, பிறகு ஒரே இரைச்சலாக இறங்கி, கொல்லைச் சுவரையும் கருவேலம் புதரையும் ஏரியையும் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போய், கடைசியில் உலகத்தில் இந்த ஒரு கூடமும் ஒரு பாயும்தான் பாக்கி என்பதுபோல் ஆக்கிவிட்டது.

நாகரிக ஜனங்கள் வரவில்லை. வருகிறேன் என்ற பொன்னனும் வரவில்லை. அவன் இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்தான். மூன்றாவது முறை சாரல் முகத்தில் அடித்தது, கரண்டும் போயிற்று.

இருட்டில் வீடு பெரிதாயிற்று. அடுப்பங்கரையில் எலி ஒரு தகர மூடியை நகர்த்தியது. கொடியில் அமீனாவின் தாவணி ஒன்று ஈரம் உலராமல், சீயக்காய் வாசனையோடு தொங்கியது. கவுஸ் பாஷா மெழுகுவத்தியைக் கொளுத்தினான். பூசணிக்காய் சிரித்தது, எதிர்ச்சுவரில் இன்னொன்று பெரிதாகச் சிரித்தது. காலியான பாயைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பொரி தின்றான். பொரி தின்னும் சத்தம் அவனுக்கே கேட்டது. நாலு பேருக்கு விரித்த பாய் இவ்வளவு அகலமா என்று தோன்றியது. நோன்பு முடிந்த பிறகு எல்லா ராத்திரியும் இப்படித்தான் இருக்கும் என்றும் தோன்றியது. அதைத் தோன்றவிடாமலிருக்க ஒரே வழி, சத்தம் போட்டுப் படிப்பது.

‘வளையல்காரனும் வாய்க்கால் மோகினியும்’, எழுதியவர் கவுஸ் பாஷா.

“அமாவாசை இருட்டு. வளையல் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு முத்தையன் வாய்க்கால் வரப்பில் நடந்தான்.”

டொக்.

கூடத்து மூலையில் ஓட்டு இடுக்கு ஒழுகும். அங்கே அம்மா எப்போதும் ஒரு அலுமினியக் குண்டான் வைத்திருப்பாள். அதில் சொட்டு விழுந்தது.

“அவன் பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது.”

டொக்.

“திரும்பினான். யாரும் இல்லை.”

டொக்.

சொட்டே ம் கொட்டுகிறதே என்று கவுஸ் பாஷா சிரித்துக்கொண்டான், இதைக் கட்டுரையின் இரண்டாம் பாகத்தில் சேர்க்கலாம். ஒரு பக்கம் படித்தான். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் சரியாக ஒரு சொட்டு. அடுத்த பக்கத்தில் ஒரு நீண்ட வாக்கியம் வந்தது. வாய்க்கால், தாழம்புதர், தவளை, நிலா இல்லாத வானம் என்று அரைப் பக்கத்துக்கு ஓடும் வாக்கியம், தமிழ் வாத்தியாரே மெச்சியது. அவ்வளவு நேரமும் சொட்டு விழவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. முற்றுப்புள்ளி வந்தது.

டொக்.

அவன் ஒரு சோதனை செய்து பார்த்தான். “முத்தையன் வளையல் பெட்டியை” என்று படித்துவிட்டு நிறுத்தினான்.

மழை. எலி. திரி பொரியும் சத்தம். மூலை சும்மா இருந்தது. ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருப்பதுபோல் இருந்தது.

“இறக்கிவைத்தான்.”

டொக்.

பூசணிக்காயை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் குண்டானுக்குள் வெளிச்சம் காட்டினான். உள்ளே தண்ணீர் இல்லை. அடி காய்ந்து வெளுத்திருந்தது. விரலால் தடவினான், தூசு ஒட்டியது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கதையை மூடிவைத்துவிட்டு யாசீன் ஓதப் போயிருப்பார்கள். கவுஸ் பாஷா மாவட்டத்தில் பேய்களை ஒழித்தவன். அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. பூசணிக்காயை மாடத்தில் திரும்ப வைத்து, பாயில் வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, கல்லூரி மேடையில் பேசும் குரலில் சொன்னான்.

“யாருங்க அது? சங்கத்துல சேர வந்தீங்களா? சேர்றதுன்னா பாத்திரத்தைத் தட்டறது செல்லாது. வாயைத் திறந்து ஒழுங்காக் கொட்டுங்க.”

“ம்.”

வாயைத் திறக்காமல் சொன்ன ம். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு சொன்னதுபோல் இருந்தது. அடுப்பங்கரை நிலைப்படிப் பக்கத்திலிருந்து வந்தது. அதட்டலோ கிண்டலோ இல்லை. மேலே சொல்லு என்பதுதான் அதில் இருந்தது.

அவன் மேலே சொன்னான். சொல்லாமல் என்ன செய்வது என்று தெரியாததால் சொன்னான். குரல் நடுங்கியது, பிறகு நடுக்கம் கதைக்குப் பொருத்தமாக இருந்தது. மோகினி வெற்றிலை கேட்கும் இடத்தில், “ம்?” என்று கேள்வியாக வந்தது. முத்தையன் சுண்ணாம்பை விரலால் கொடுக்காமல் கத்தி நுனியில் கொடுத்த இடத்தில், “ம்ம்” என்று மெச்சுவதுபோல் நீண்டு வந்தது. எங்கே ம் வரவேண்டும் என்று எழுதியபோது நினைத்தானோ அங்கேயெல்லாம் வந்தது. அமீனா பாதிக் கதையில் தூங்கிவிடுவாள். இது தூங்கவில்லை.

வெட்கம்தான். ஆனால் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இருட்டு வீட்டில், நாலு பேருக்கு விரித்த பாயில், யாரோ அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கதையை நடுவில் நிறுத்தி, மனப்பாடமாக ஒரு கவிதையும் சொன்னான்.

“விளக்கணைந்த வீட்டினிலே”

“ம்.”

“விழித்திருக்கும் கண்ணிரண்டு”

“ம்.”

“எண்ணெயின்றி எரியுதடி”

“ம்.”

“எவர்வரவைத் தேடுதடி.”

கடைசி ம் நிலைப்படியிலிருந்து வரவில்லை. பாயிலிருந்து வந்தது. பாயின் அந்த ஓரத்தில் கோரை மெல்ல நெறிந்தது. ஏரி வற்றும்போது வரும் சேற்று வாசனை, பாசியும் செத்த நத்தையுமாகச் சேர்ந்த வாசனை, பொரி வாசனையை மூடிக்கொண்டு வந்தது. வெளிச்சம் அந்த ஓரம்வரை போய் நின்றுவிட்டது.

கையிலிருந்த தாள்களைப் பார்த்தான். இன்னும் ஒரு பக்கம்தான் இருந்தது.

நீ முடிச்சேன்னா அது ஆரம்பிக்கும்.

முத்தையன் அந்தப் பக்கத்தில் வீடு போய்ச் சேர்ந்து கதவைத் தாழிட வேண்டும். கவுஸ் பாஷா தாளைப் பார்த்தபடியே, தாளில் இல்லாததைச் சொன்னான். முத்தையன் வீட்டுக்குப் போகவில்லை. மொரப்பூர் போனான். ரயில் ஏறினான். ஜோலார்பேட்டையில் இறங்கி டீ குடித்தான். டீ ஆறியிருந்தது. வேறு டீ கேட்டான். ஒவ்வொன்றுக்கும் ம் வந்தது. காட்பாடி போனான். வளையல் விற்றான். சிவப்பு வளையல், பச்சை வளையல், ஊதா வளையல். ம். ம். ம். ஒவ்வொரு ம்முக்கும் கோரை நெறிந்தது. ஒவ்வொரு நெறிவும் ஒரு விரற்கடை கிட்டே.

கதவு அந்தப் பக்கம் இருந்தது. பாய்க்கு அப்பால். கதவருகே ஆணியில் குடையும் டார்ச்சும் தொங்கின.

ஏரிக்கு அந்தப் பக்கத்தில், மழையினூடே, பஸ் ஹாரன் கேட்டது. நீளமாக. கடைசி பஸ்.

அம்மா இறங்கியிருப்பாள். அமீனா இறங்கியிருப்பாள். கூரைக்கடியில் நின்று கரைப் பக்கம் பார்ப்பார்கள். டார்ச் வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பார்கள். எழுந்திரு என்று காலுக்குச் சொன்னான். கால் எழவில்லை. வாய் மட்டும் போய்க்கொண்டிருந்தது. முத்தையனுக்கு ஊர்கள் தீர்ந்துபோயின. சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்தான். சோப்புப் பெட்டி மேல் இருந்ததைப் படித்தான். தைலப் பாட்டில் லேபிளைப் படித்தான், வெளிப்பூச்சுக்கு மட்டும். ம். தொண்டை வறண்டது. பொரித் துகள் ஒன்று உள்ளே சிக்கியது. இருமினான்.

இருமி முடித்தபோது கூடம் அமைதியாக இருந்தது.

“ஒரு ஊர்ல,” என்றது அது.

குரல் கிட்டேதான் இருந்தது. அவன் இடது தோளுக்குப் பக்கத்தில். நிதானமான குரல். நிறைய நேரம் இருக்கும் குரல்.

“ஒரு ஊர்ல ஒரு ஆத்தாளும் மவளும் இருந்தாங்க.”

நிறுத்தியது. காத்திருந்தது.

கவுஸ் பாஷா பல்லைக் கடித்துக்கொண்டான். மழையே காத்திருப்பதுபோல் இருந்தது. திரி அசையவில்லை. எலி அசையவில்லை. ஏரியூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பேர் ஸ்டாண்டில் ஒரு காலைத் தூக்கியபடி நிற்பதாக நினைத்துப் பார்த்தான். சும்மா நினைத்துத்தான் பார்த்தான். வாய் தானாகத் திறந்தது.

“ம்.”

“வெளக்குக் கொண்டாரேன்னு சொன்னவன் வரல. செத்த நேரம் பாத்தாங்க. நடந்துடலாம்னு ஆத்தா சொன்னா.”

“ம்.”

“கரைமேல ஏறினாங்க. ஒரு பக்கம் தண்ணி. ஒரு பக்கம் முள்ளு. மவளுக்குச் செருப்பு வாரு அறுந்துபோச்சு. கையில எடுத்துக்கிட்டா.”

“ம்.”

“பாதிக் கரைக்கு வந்துட்டாங்க. மவ சொன்னா, அம்மா, தண்ணியோரத்துல ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க பாரு. நம்மள மாதிரியே இருக்காங்க.”

கவுஸ் பாஷா வாயைப் பொத்திக்கொண்டான். இரண்டு கையாலும். மாட்டேன். இதற்கு மேல் இந்தக் கதை போகக் கூடாது. ஒரு கதை. வெறும் கதை. கேட்பவன் இல்லாவிட்டால் கதை செத்துவிடும், அவனே கட்டுரையில் எழுதியிருக்கிறான்.

அது காத்திருந்தது. அவன் கையை எடுக்கவில்லை. அது காத்திருந்தது. மெழுகு பூசணியின் பல் வழியே வழிந்து மாடத்தில் உறைந்தது.

கதவு தட்டப்பட்டது.

“கவுஸு! கதவத் தெற.”

அம்மா.

“அண்ணே! தெறண்ணே!”

கால் எழுந்துவிட்டது. பாயைத் தாண்டிப் பாய்ந்து தாழ்ப்பாளை இழுத்தான். ஈரக் காற்று உள்ளே வந்தது, அதோடு இரண்டு பேரும் வந்தார்கள். அம்மா முக்காட்டை இழுத்து விட்டிருந்தாள். அமீனா தலையைக் குனிந்திருந்தாள். பேசாமல் நேரே போய்ப் பாயில் உட்கார்ந்தார்கள். கவுஸ் பாஷாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கதவைச் சாத்தித் தாழிட்டான். எதிரில் மண்டியிட்டான்.

“கோவமாம்மா? வரலாம்னுதான் இருந்தேன். இங்க ஒரு… நீங்க சிரிப்பீங்க. நான் பயந்தே போயிட்டேம்மா.”

“ம்,” என்றாள் அம்மா.

“யாரோ கதை சொல்ற மாதிரி…”

“ம்,” என்றாள் அமீனா.

“நீங்க கரையில நின்னுட்டீங்கன்னு…”

“ம்,” என்றார்கள் இரண்டு பேரும். ஒரே குரலில். வாயைத் திறக்காமல்.

அவன் கீழே பார்த்தான். அமீனாவின் காலில் செருப்பு இருந்தது. இரண்டு காலிலும். வார் அறுந்திருக்கவில்லை. அவள் தாவணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாய் நனையவில்லை.

டொக். டொக்.

சேற்று வாசனை.

அப்போது, வெகு தூரத்தில், மழைக்கு அப்பால், கரைமேலிருந்து ஒரு குரல் வந்தது. காற்று அதைக் கிழித்துக் கிழித்துக் கொண்டுவந்தது.

“கவு…ஸூ… லைட்டு கொண்டாடா… காலு நகர மாட்டேங்குதுடா…”

அம்மாவின் குரல். அதன் பின்னால் மெல்லிசாக ஒரு அழுகை. அமீனா சின்ன வயதில் அழுவதுபோல்.

ஆணியில் டார்ச். அவன் திரும்பினான். தாழ்ப்பாளை இழுத்தான். வரவில்லை. இரண்டு கையால் இழுத்தான். சுவரில் பதித்த இரும்புபோல் இருந்தது. பின்னால் கோரை நெறிந்தது. யாரும் எழுந்துவரவில்லை. அவசரப்படவில்லை. அவன் இடது தோளுக்குப் பக்கத்தில், விட்ட இடத்திலிருந்து, அதே நிதானமான குரல்.

“பாதிக் கரையில நின்னுக்கிட்டிருந்தாங்க.”

காத்திருந்தது.

கரைமேல் அழுகை நின்றுபோயிற்று. மூச்சுக்கூட வராத இடத்தில் நிற்பதுபோல் நின்றுபோயிற்று.

அவன் மெல்ல வந்தான். பாயின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கையைக் கட்டிக்கொண்டான். கதை கேட்கும் பிள்ளைபோல.

“ம்,” என்றான் கவுஸ் பாஷா.

“ஒரு அடி எடுத்து வெச்சாங்க.”

“ம்.”

“இன்னொரு அடி.”

“ம்.”

“கவுஸூ…” கரையின் குரல் இப்போது கொஞ்சம் கிட்டே கேட்டது.

மெழுகுவத்தி ஒருமுறை எழும்பி எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தான். பாயில் இருந்த இரண்டும், வரப்போகிற இரண்டு பேருக்கு இடம் விட்டு, ஒதுங்கி உட்கார்ந்தன.

“கரையை விட்டு எறங்கினாங்க,” என்றது அது.

“ம்.”